வார்டில் நிற்பவர் சொல் அம்பலம் ஏறட்டும்

(ஓசூரில் செவிலியர் பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் பணியாற்றுகிறவன். ஆகவே இன்று ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசுகிறேன். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைக்கு அங்கேயே தொற்று வந்துவிடாமல் காப்பது எப்படி? அந்தக் குழந்தையை இரவும் பகலும் கையில் ஏந்துகிற செவிலியர்களும் ஆயாம்மாக்களும் தூய்மைப் பணியாளர்களும் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் இன்று ஏறத்தாழ இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடந்தன. பிறந்து 28 நாள்களுக்குள் இறக்கும் குழந்தைகள் 2020-இல் இந்திய அளவில் 1,000 பிறப்புக்கு 20, தமிழ்நாட்டில் 9. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாக நடந்து சேர்த்த புண்ணியம் இது. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மலைக் கிராமத்துத் தாயும், சிப்காட் அருகே ஒற்றை அறையில் குடியிருக்கும் ஒடிசாத் தாயும் நம்மை நம்பி வாசலுக்கு வந்துவிட்டார்கள். வந்த இடத்தில் குழந்தைக்குத் தொற்று பிடித்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

2011 முதல் 2014 வரை டெல்லியின் 3 பெரிய மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. அங்கேயே பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்தார்கள். அவர்களில் 14.3 விழுக்காட்டினருக்கு ரத்தத் தொற்று. அந்தத் தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள் வந்தது. அதிகம் காணப்பட்டவை அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும். ஈரமான சிங்க், சக்‌ஷன் குழாய், ஆக்சிஜன் ஈரமூட்டியின் தண்ணீர், நம் விரல் இடுக்கு ஆகிய இடங்களில் வாழப் பழகிய கிருமிகள் இவை. பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அவை கட்டுப்படவில்லை. மருந்தால் வெல்வது கடினமாகிவிட்ட பிறகு, பிரசவ அறையிலிருந்தே தடுப்பதுதான் வழி.

தடுப்பது எப்படி என்று நமக்குத் தெரியாதா? தெரியும். கை கழுவ வேண்டிய 5 தருணங்களை முதலாண்டிலேயே மனப்பாடம் செய்துவிட்டீர்கள். பிறகு ஏன் வார்டில் தவறுகிறது? இதை மேலாளர்களிடம் கேட்டால் அலட்சியம் என்பார்கள். பணியில் இருப்பவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், வேறு கதை வரும்.

முதலில் ஆள் கணக்கைச் சொல்வார்கள். ஒரு செவிலியரிடம் 8 குழந்தைகள். ஒரு குழந்தையை மணிக்கு 5 முறை தொடுகிறார் என்று வையுங்கள், 40 முறை. ஹேண்ட் ரப் போட்டுத் தேய்க்க ஒவ்வொரு முறையும் 20 விநாடி என்றாலும் 13 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 விநாடி. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பால் கொடுப்பது, ட்ரிப்ஸ் பார்ப்பது, மருந்து கலப்பது, நோட்டு எழுதுவது எல்லாம் மீதி நேரத்தில். ஒரு செவிலியருக்கு 3 அல்லது 4 குழந்தைகள் என்று சிறப்புப் பிரிவுகளுக்கு வகுத்த அளவு ஏதோ சலுகை அல்ல. கை கழுவ நேரம் இருக்க வேண்டும் என்பதற்கான கணக்கு.

அடுத்து இடத்தைச் சொல்வார்கள். உடற்சூட்டைக் காக்கும் ஒரே வார்மரில் 2 குழந்தைகளைப் படுக்க வைத்தால் ஒன்றின் கிருமி மற்றொன்றுக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரவு 2 மணிக்கு வந்த குழந்தையைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? சிங்க் எட்டத்தில் இருப்பதை, முழங்கையால் திறக்கும் குழாய் பழுதாகி மாதக்கணக்கில் கிடப்பதை, ஒரே சலைன் பாட்டிலிலிருந்து பல குழந்தைகளுக்கு எடுக்க நேர்வதைச் சொல்வார்கள். எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்தத் துடைப்பம் இரண்டு அறைக்கும் போகிறது என்று தூய்மைப் பணியாளருக்குத் தெரியும். அவரைத் தொற்றுத் தடுப்புக் கூட்டத்துக்கு யாரும் அழைப்பதில்லை.

கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றைச் சொல்வார்கள். கை கழுவாமல் குழந்தையைத் தொடுகிற பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது? ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். வார்டில் இளையவர் சொல்லும் ஏறுவதில்லை. கருவிகளை விலை கொடுத்து வாங்கலாம். இந்த அச்சத்தைப் போக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை.

மேலே இருப்பவர்கள் கேட்க மறுப்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1840-களில் வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் 2 பிரசவ வார்டுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டில் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் குறைவு. அந்த நகரத்துப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதல் வார்டில் சேர்க்க வேண்டாம் என்று மன்றாடினார்கள். பிணப் பரிசோதனை முடித்து அதே கையோடு பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று கண்டு, 1847-இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். மரணங்கள் சட்டென்று குறைந்தன. ஆனாலும் தங்கள் கை அழுக்கு என்பதைப் பெரியவர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள்.

இந்த ஊர்ப் பெற்றோர் பலருக்குத் தரம் என்ற சொல் புதிதல்ல. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசைப் பெற்றது. அதே ஜப்பானின் டொயோட்டா ஆலைகளில் குறையைக் கண்ட தொழிலாளி, கடைநிலையில் இருப்பவரே ஆனாலும், வேலையை நிறுத்தலாம். யார் செய்த தவறு என்று துரத்தாமல் ஏன் நேர்ந்தது என்று தேடுவார்கள். ஒரு வண்டிக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, 1 கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கும் கிடைக்க வேண்டும்.

மருத்துவமனையிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பீட்டர் பிரோனோவோஸ்ட் என்ற மருத்துவர், பெரிய ரத்தக்குழாயில் ஊசிக்குழாய் செலுத்துவதற்கு 5 படிகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். முதல் படி கை கழுவுவது. படி தவறினால் மருத்துவரை நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்கு நிர்வாகமே கொடுத்தது. மிச்சிகன் மாநிலத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது நடைமுறைக்கு வந்தபோது, 18 மாதங்களில் அந்த வகைத் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்ததாக 2006-இல் பதிவானது. பட்டியலோடு, செவிலியரின் வாய்ச்சொல்லுக்கும் அங்கே மதிப்பு வந்தது.

இன்னொருவரையும் நாம் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம். அவர் தாய். தாய் உள்ளே வந்தால் தொற்று வரும் என்று நெடுங்காலம் நம்பினோம். டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து வார்டுக்குள் அனுமதித்து ஆராய்ந்தார்கள். தொற்று கூடவில்லை, தாய்ப்பால் குடித்த குழந்தைகள்தான் கூடினார்கள். இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த குழந்தையைப் பிறந்த உடனே தாயின் மார்போடு அணைத்து வைத்தபோது மரணம் கால் பங்கு குறைந்தது, தொற்றும் குறைந்தது.

ஆனால் இந்த எல்லை மாவட்டத்தில் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பதற்குத் தமிழ் மட்டும் போதாது. தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா என்று நம் வார்டுக்கு வெளியே பல மொழிகள் உட்கார்ந்திருக்கின்றன. கை கழுவும் முறையை அந்தத் தாயின் மொழியில், படத்தோடு, செய்துகாட்டிச் சொல்லுங்கள். பெங்களூருக்கும் ஓசூருக்கும் இடையே மாறிமாறி அனுப்பப்படும் குழந்தைகளும் இங்கே உண்டு. எங்கே இருந்தது, என்ன ஆன்டிபயாட்டிக் போனது, கல்ச்சரில் என்ன வந்தது என்ற குறிப்பு குழந்தையோடு பயணம் செய்கிறதா என்று பாருங்கள்.

இளைய செவிலியர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். முதல் டியூட்டியிலேயே, "சார், ஹேண்ட் ரப் போட்டுக்குங்க" என்று சொல்லிப் பழகுங்கள். மரியாதையோடு சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் விடாதீர்கள். குழாய் பழுதானால், ஆள் போதவில்லையென்றால் எழுத்தில் கொடுங்கள். பேச்சு காற்றோடு போகும், எழுத்துக்குப் பதில் வந்தாக வேண்டும். ஆயாம்மாவும் தூய்மைப் பணியாளரும் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நாளை நீங்களே பொறுப்புச் செவிலியராகும்போது, உங்களைத் திருத்துகிற இளையவரை எல்லார் முன்னும் பாராட்டுங்கள்.

மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். இவர்கள் பேசும்போது கோபப்படாதீர்கள். நன்றி சொல்லிக் கையைக் கழுவுங்கள்.

உங்கள் கைகளில் பிள்ளைகள் பிழைக்கட்டும். வாழ்த்துகள்.