அந்நிய மண்ணில் அயலாருடன்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

முன்னாளில் நம்மூர்ப் பிள்ளைகள் மலாயாவுக்குக் கப்பலேறினர். இந்நாளில் கட்டாருக்கும் டுபாய்க்கும் விமானமேறுகின்றனர். அங்கே நம்மவருக்கு ஒருபுறம் இந்தியர், மறுபுறம் பாகிஸ்தானியர். 1947ஆம் ஆண்டு பிரிந்த நாள்முதல் தம்முள் பலமுறை போர் புரிந்த இரு நாடுகளின் பிள்ளைகள் அவர்கள். பகை நாட்டாரோடு அந்நிய தேசத்தில் ஒத்து வாழ்வது எங்ஙனம்? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

1996ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி கொழும்பு மத்திய வங்கி குண்டுவெடிப்பிற் சிதைந்தது. உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டிக்கு அங்கு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அவ்வேளை இந்திய வீரரும் பாகிஸ்தான் வீரரும் ஒரே அணியாகிப் பெப்ரவரி 13இல் கொழும்பில் வந்து ஆடினர். பாகிஸ்தானின் வசீம் அக்ரம் பந்து வீச, இந்தியாவின் தெண்டுல்கர் பிடியெடுக்க, களுவிதாரண ஆட்டமிழந்தார். வலிகாமத்தவராகிய நாம் அப்பொழுது ஊரை விட்டுத் தென்மராட்சியிலும் வன்னியிலும் இருந்தோம். ஆட்டம் பார்க்கும் நிலையில் இல்லை. ஆயினும் அச்செய்தி இன்று நினைக்கத் தக்கது.

அதே இரு நாட்டாரும் 2025 செப்டெம்பர் 14இல் டுபாயில் ஆடினர். அவ்வாண்டு மே மாதச் சண்டையின் கசப்பினால், ஆட்டம் முடிந்தும் இந்திய வீரர் கைகுலுக்கவில்லை. ஆனால் அந்நகரத்துத் தொழிலாளிக்கு அப்படி முகந்திருப்ப முடியுமோ? மேலே பாரந்தூக்கியை இயக்குபவன் ஒரு நாட்டான், கீழே சைகை காட்டுபவன் மறு நாட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் கவனந் தவறினால் மற்றவன் உயிர் போம். அவர்களுக்கு நட்பு அலங்காரமன்று, உயிர்க்காவல்.

பிறருக்குப் புத்தி சொல்லுதல் எளிது. நம் நெஞ்சையுஞ் சோதிப்போமாக. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை இங்கு நின்ற காலத்தில் உற்றாரை இழந்த வீடுகள் குடாநாட்டில் உண்டு. தமிழ்நாட்டு இழுவைப் படகுகளால் வலை இழந்த நம் கடற்றொழிலாளர் துயரும் ஓயவில்லை. இந்நினைவோடு செல்லும் நம் தம்பிக்கு, இராமேசுவரத்தான் ஒருவன் பக்கத்துக் கட்டிலில் வாய்க்கிறான். அவனும் கடன்பட்டு வந்த ஏழை. அத்துயருக்கெல்லாம் அவனிடம் கணக்குக் கேட்பது நீதியாகுமோ? சிங்களத் தோழனிடத்தும் இதுவே. மறந்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அவன் கேட்டால் நடந்ததை நடந்தவாறே சொல்லுங்கள். நாட்டின் பழியை ஒரு தனி மனிதன் தலையில் மாத்திரம் சுமத்தாதீர்கள்.

புத்தூருக்கு அயலேயுள்ள நிலாவரைக் கிணற்றை அறியாதார் நம்மில் இல்லை. மேலே நன்னீர்; ஆழத்தில் உவர்நீர். அளவோடு இறைத்தால் தோட்டம் விளையும். அளவு மீறினால் உவர் மேலேறும். அடியில் உவர் இல்லையென்று நடிக்க வேண்டா. அதனைக் கிளறாது நன்னீரை முகந்து கொள்ளும் அறிவே வேண்டுவது.

ஆகவே வெளிநாடு செல்லும் வாலிபர் மூன்று காரியங்களைக் கடைப்பிடிப்பாராக. போர்ச் செய்தி வந்த நாளிலும் கிரிக்கெட் நாளிலும் ஒருபக்கஞ் சாய்ந்து கேலி பேசாதிருத்தல் ஒன்று. பாகிஸ்தானியத் தோழன் நோன்பிருக்கும் மாதத்தில் அவனது நண்பகற் பாரத்தில் ஒரு பங்கைத் தாம் ஏற்றல் மற்றொன்று. தைப்பொங்கலன்று நமது முறைவேலையை அவன் ஏற்பான். அவன் வீட்டிலிருந்து இழவுச் செய்தி வந்தால் முதலில் அவன் அருகே போயிருத்தல் மூன்றாவது. நம் வீட்டுச் செய்தி வரும் இரவிலும் அருகே இருக்கப் போகிறவன் அவனே, நாம் அல்லோம்.

எவ்வுயிரிலும் இறைவன் உறைகின்றான் என்று கோயிலிற் சொல்லுகின்றோம். அதனை மெய்ப்பிக்கும் இடம் அந்த விடுதி அறையே. எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்பாராக.