35,000 அடி உயரத்தில் சொந்தக்காரர் யார்?

நான் 22 வருஷம் விமானப் பணிப்பெண்ணா இருந்து ஓய்வு பெற்றவள். 'ஆபத்துக்கு உதவுவது சொந்தமா, அந்நியமா?' என்பது தலைப்பு. எதிரணி அண்ணன், "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்"னார். வாஸ்தவம். ஆனா ஐயா, 35,000 அடி உயரத்துல ஆடறதுக்கு அந்தச் சதைக்கு டிக்கெட் வாங்கணுமே! (சிரிப்பு)

லண்டன்லேர்ந்து மும்பைக்கு ராத்திரி விமானம். பொண்ணுக்குப் பிரசவம் பார்த்துட்டுத் தனியா திரும்பற கும்பகோணத்து அம்மா, 68 வயசு. சாப்பாடு வேண்டாம்னுட்டாங்க, சைவமோ அசைவமோன்னு சந்தேகம். தண்ணியும் வேண்டாம். குடிச்சா பாத்ரூம் போகணும், அந்தக் கதவைத் திறக்கத் தெரியாது, கேக்க வெட்கம். ஆனா சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாம போட்டுக்கிட்டாங்க!

நாலு மணி நேரம் கழிச்சு எழுந்தவங்க, நடைபாதையிலேயே சரிஞ்சுட்டாங்க.

விமானம் எவ்வளவு உயரத்துல பறந்தாலும், உள்ளே இருக்கிற காத்து 6,000லேர்ந்து 8,000 அடி மலையில இருக்கிற மாதிரிதான். அதாவது நீங்க ஊட்டியில உட்கார்ந்திருக்கீங்க. வெறும் வயித்துக்காரங்களுக்கு அதுவே தலையைச் சுத்தும். 2013-ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுப்படி, 604 விமானத்துக்கு ஒண்ணுல யாருக்காவது உடம்புக்கு வருது. அதுல மயக்கம்தான் அதிகம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு உதவினது யார் தெரியுமா? பயணியா வந்த டாக்டருங்க. அந்நியருங்க ஐயா! (கைதட்டல்)

எங்க பழக்கம் இது: ஒருத்தி பக்கத்தை விட்டு நகரக்கூடாது, ஒருத்தி ஆக்சிஜன் சிலிண்டரும் மருந்துப் பெட்டியும் எடுக்கணும், ஒருத்தி கேப்டன்கிட்ட சொல்லணும். நான் அம்மாவைப் படுக்க வச்சு காலைத் தூக்கிப் பிடிச்சேன். "வாயில தண்ணி ஊத்துங்க"ன்னார் ஒரு பெரியவர். நல்ல மனசுதான். ஆனா நினைவில்லாதவங்க வாயில எதையும் ஊத்தக்கூடாது, மூச்சுக்குழல்ல போயிடும்.

"டாக்டர் யாராவது இருக்கீங்களா?"ன்னு அறிவிச்சதும், தூக்கத்துலேர்ந்து எழுந்து வந்தார் ஒரு சர்தார்ஜி டாக்டர். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" யாருக்குத் தெரியும்? மருந்துச்சீட்டை மாப்பிள்ளை பத்திரமா பெரிய பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கார். பெட்டி விமானத்தோட வயித்துல! சொந்தம் செஞ்ச உதவி இது. (சிரிப்பு)

பின் வரிசைக்காரர் ஒருத்தர் தன்னோட சர்க்கரை பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்தார். பார்த்தா, 48. கேப்டன் கேக்கறார், "வழியில இறக்கணுமா?" இறக்கினா அத்தனை பேருக்கும் தாமதம். இறக்காம ஏதாவது ஆயிட்டா? எனக்குக் கை நடுங்குது. இதுக்குள்ள அம்மா கண்ணைத் திறந்து முனகினாங்க. தமிழ் மட்டும்தான் தெரியும், நான்தான் மொழிபெயர்ப்பு. நல்லா விழுங்க முடியுதுன்னு பார்த்துட்டு, ஆரஞ்சு ஜூஸ்ல சர்க்கரை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கச் சொன்னார் டாக்டர். கால் மணி நேரம் கழிச்சு மறுபடி பார்த்தார். ஏறியிருந்தது. "நேரா போகலாம்"னார்.

மும்பை வர்ற வரைக்கும் டாக்டர் அம்மா பக்கத்து சீட்லயே உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா சொன்னாங்க: "பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்மா. பச்சை உடம்புக்காரி, பயந்துடுவா."