பெயர் தெரியாத செடி

உத்தியோக மாற்றலில் தில்லிக்கு வந்து நாம் குடியேறும் வீட்டில், முன்பிருந்தவர் நட்டுச் சென்ற செடியொன்று மூலையில் நிற்கும். தை மாதமாயின் அதில் பூ இராது. இலையும் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். பட்டுப்போயிற்றென்று எண்ணி வேரோடு களையத் தோன்றும். கோடரியைத் தேடுமுன் சற்று நின்று பார்ப்போம்.

இளங்கிளையை விரல்களிடையே உருட்டினால் அது உருளாது, நாற்பட்டையாக இருக்கும். எஞ்சிய இலைகள் எதிரெதிராக அமைந்து, உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். கிளை நுனிகளில் தட்டையான வட்டக் காய்கள் காய்ந்து தொங்கும். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரியும். ஐயமில்லை, நம் ஊர்ப் பவழமல்லிகையேதான்! அண்டை வீட்டார் அதனை ஹர்சிங்கார் என்பர். கொல்கத்தாவில் வாழும் நம்மவர் ஷியூலி என்று கேட்டிருப்பர். 1753-இல் லின்னேயஸ் அதற்குச் சோக மரம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். விடியற்காலையில் உதிர்ந்த பூவைப் பொறுக்கிப் பூசைக்கு எடுத்த நமக்கு அது ஒருநாளும் சோகமாகத் தோன்றியதில்லை.

புதிதாக விடும் கிளைகளிலேயே பூ வருமாதலால், மாசியில், தளிர் விடுமுன் கத்தரிக்க வேண்டும். காய்ந்தவற்றையும் ஒன்றோடொன்று உரசுவனவற்றையும் முதலில் நீக்கி, ஏனையவற்றில் மூன்றிலொரு பங்கைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். மழைக்காலத்தில் மாலி வேலியைச் சீர்செய்ய வந்து, இதிலும் கத்தரியை வைத்துவிட்டால், புரட்டாசிப் பூ அவ்வாண்டு போயிற்று. அவரைத் தடுக்க வேண்டிய இந்தி இரண்டே சொற்கள்: “அபி நஹீ.”