பிடி இருக்கிறது, உணர்வு இல்லை



கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவராக இருந்தவர், 1940களின் பிற்பகுதியில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் உள்மடங்கிய ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, முடிந்தவரை இறுக்கச் சொன்னார். தளர்ந்த பிடியைத்தான் எதிர்பார்த்தார். பிடித்த பிடியில் மருத்துவருக்கே வலி தாங்கவில்லை.

இது எப்படி? முழங்கையின் உட்புறம் ஓடும் அல்நார் நரம்பைத் தொழுநோய் தாக்கினால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கின்றன. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிவிடுகின்றன. மணிக்கட்டருகே மீடியன் நரம்பும் கெட்டால் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே வராது. ஆனால் முன்கையின் பெரிய தசைகளில் பலம் பெரும்பாலும் மிச்சமிருக்கும். அதனால் அந்தக் கை குடத்தைத் தூக்கிவிடும். ஒரு சிட்டிகை உப்பை எடுக்கத் திணறும்.

நரம்போடு வலியுணர்வும் போய்விடுவதால், மிச்சமிருக்கும் அந்தப் பலமே கைக்குப் பகையாகிறது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்று ஊரெல்லாம் நம்பிய காலம் அது. உணராத சூடும் வெட்டும், புண்ணை ஆறவிடாமல் உழைத்ததும்தான் விரல்களைத் தின்றன என்று பிராண்ட் காட்டினார். தூங்கும்போது எலி கடித்த விரல்களும் உண்டு. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்!

ஆகவே, பிடியளக்கும் கருவி காட்டும் கிலோ கணக்கு மட்டும் போதாது. 'சால்சா' என்ற 20 கேள்விகள் கொண்ட அளவீடு வாழ்க்கையையே கேட்கிறது: சூடான டம்ளரைப் பிடிக்க முடிகிறதா? சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? ஊசியில் நூல் கோக்க முடிகிறதா? மருத்துவமனைகள் முதலில் கேட்க வேண்டியவை இவைதாம்.

முன்கையின் தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையால் மடங்கிய விரல்களை நிமிர்த்த வேலூர் வழிகாட்டியது. விரல் நிமிரும், போன உணர்ச்சி அதனால் திரும்பாது. தொழுநோய்க்குத் தரும் கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் கெட்டுப்போன நரம்பை மீட்காது. நரம்பு பாதித்த ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால்தான் மீள நல்ல வாய்ப்பு.

தொழுநோயால் கை மரத்தவர்கள் வாழும் வீடுகளில் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். அவர்களை வெறுங்கையால் சூடான பாத்திரம் இறக்க விடாதீர்கள். இடுக்கியும் தடித்த கரித்துணியும் அடுப்பருகே இருக்கட்டும். அரிவாள், கரண்டிப் பிடிகளில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். இரவில் அவர்கள் உள்ளங்கையில் புண் இருக்கிறதா என்று பார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவுங்கள். யாருக்காவது உணர்ச்சியற்ற தேமலோ மரத்த விரலோ தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். அங்கே கூட்டு மருந்து இலவசம்.