விளக்குமாறு பிடிக்கவா பயிற்சி?



மலம்புழா ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஃபிட்டர் படித்துவிட்டு வருகிறான் நம் பிள்ளை. கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையில் ‘அப்ரண்டிஸ்’ என்று சேர்க்கிறார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், லோடு இறக்கினேன், தரை கூட்டினேன் என்கிறான். ஃபைலைக் கையில் தொடவில்லை!

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தொழில் கற்றுத் தருவது முதலாளியின் கடமை. பீஸ் ரேட் கூடாது. அனுமதியின்றி ஓவர்டைம் கூடாது. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆகவேண்டும் என்று 2019-இல் விதியையும் திருத்தினார்கள். தலைக்கணக்கு ஏறும், தொழில் கையில் ஏறுமா?

அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவைப் பாருங்கள். அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவன்தான், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தா. அப்படியானால் பயிற்சியும் தராவிட்டால் அவன் யார்? மலிவான கூலி, அவ்வளவுதான். சந்தா கட்டாதவன் என்று தொழிற்சங்கமும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அடிபட்டால் நஷ்டஈடு சட்டத்தில் உண்டு. ஒப்பந்தச் சீட்டே இல்லாதவன் எதைக் காட்டிக் கேட்பான்? மாதம் ஏதோ பணம் வருகிறதே என்று நாமும் வாய் மூடியிருந்தோம்.

இனி ஞாயிறுதோறும் பிள்ளைகள் ஒரு நோட்டோடு சங்கத்துக்கு வரட்டும். எந்த மெஷினில், யாரிடம், என்ன கற்றார்கள் என்று அதில் எழுதட்டும். மூன்று மாதம் பக்கம் வெறுமையாகவே கிடந்தால், அந்த நோட்டோடு அப்ரண்டிஸ்ஷிப் அட்வைசரிடம் போவோம். ஒப்பந்த நகல் கைக்கு வராத பிள்ளைகளின் பெயரை இன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.