மண்டியிலேயே பிடிக்க வேண்டிய நஞ்சு

உணவில் கலந்த ஈயம் நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் இந்த உலோகத்துக்கு, இவ்வளவு வரை பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் கருவியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மலிவான சோதனை என்றதும் வீட்டுக்கு வீடு வாங்கி வைக்கும் சோதனைப் பெட்டிதான் பலருக்கும் தோன்றும். எனக்கோ, சோதனையை எந்த இடத்தில் செய்கிறோம் என்பதில்தான் மலிவே அடங்கியிருப்பதாகப் படுகிறது.

வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் இருந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் தேடிப்போனார்கள். மஞ்சளில் போய் நின்றார்கள். மங்கலான விரலி மஞ்சளைப் பளிச்சென்று காட்ட, மெருகேற்றும் ஆலைகளில் ஈயக் குரோமேட் என்ற சாயப்பொடியைச் சேர்த்து வந்திருக்கிறார்கள். 2019இல் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கைக்கு அடக்கமான எக்ஸ்ரே கருவியோடு மொத்தச் சந்தையில் இறங்கினார்கள். அதன் முனையை மஞ்சளில் வைத்து விசையை அழுத்தினால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். சில நிமிடங்களில் திரையில் விடை வந்துவிடும். ஈயமும் குரோமியமும் சேர்ந்தே தெரிந்தால், வயல் மண்ணிலிருந்து ஒட்டியது என்ற சாக்கு எளிதில் எடுபடாது. அபராதம் விதித்தார்கள், செய்தி பரவியது. அந்த ஆண்டு சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூடத் தென்படவில்லை.

கருவியின் விலை பல லட்சம் ஆயிற்றே, இதையா மலிவு என்பது என்று கேட்பீர்கள். ஒரு மாதிரிக்கு ஆகும் செலவைப் பாருங்கள். கரைக்க அமிலம் வேண்டாம், ஆய்வகக் கட்டணம் இல்லை, ஒரே நாளில் எத்தனையோ மூட்டைகளைப் பார்த்துவிடலாம். ஒரு மூட்டை பிடிபட்டால், அது போய்ச் சேரவிருந்த அத்தனை அடுப்பங்கரைகளும் தப்பும். வீட்டுச் சோதனை என்றால், பெயின்டில் தேய்த்தால் ஈயம் பட்டுச் சிவக்கும் சோதனைக் குச்சிகளும் உண்டு. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதுப் பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும் பழைய ஈயப் பெயின்ட் அவற்றுக்கு எட்டாது. சிவக்கவில்லை என்பதற்காக நிம்மதியடைந்துவிடக் கூடாது. குடிநீரிலோ லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் வரம்பு. அதை அளக்க ஆய்வகம்தான் சரி.

ஈரோட்டு மஞ்சளில் குறை கண்டதாக நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அங்கே ஏலம் நடக்கும் இடங்களில் இப்படியொரு கருவியை வைக்கும்படி உணவுப் பாதுகாப்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.