நால்வர் எழுப்பிய இசை

பெருநகரம் புகுந்தாலன்றிக் கலைஞனுக்குப் புகழில்லை என்பர். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிய இசைக்குழு ஒன்றின் வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்றொரு பல்கலைக்கழக நகரம் உண்டு. அங்கே இசைத்தட்டுக் கடையில் பணியாற்றியவர் பீட்டர் பக். கடைக்கு வந்துபோன ஓவிய மாணவர் மைக்கேல் ஸ்டைப். இருவரும் விரும்பிய தட்டுகள் ஒன்றாயிருந்தமையால் நட்பு முளைத்தது. மேக்கன் நகரில் பள்ளித் தோழர்களாயிருந்த மைக் மில்ஸும் பில் பெர்ரியும் உடன் சேர்ந்தனர். 1980 ஏப்ரல் 5ஆம் நாள், வழிபாடு நின்றுபோன மாதாகோயிலொன்றில், பிறந்தநாள் விருந்தில் நால்வரும் முதன்முதல் பாடினர். அகராதியைப் புரட்டி 'ஆர்.ஈ.எம்.' என்று பெயர் சூட்டிக்கொண்டது பின்னரே.

பட்டப்படிப்பைத் துறந்து, வண்டியொன்றில் ஊர் ஊராய் அலைந்தனர். தலைக்கு நாளொன்றுக்கு 2 டாலரே உணவுச் செலவு. 1981இல் வெளிவந்த முதல் தட்டு, முதலில் 1,000 படிகளே அச்சாயிற்று. மாணவர் நடத்திய கல்லூரி வானொலிகளே அதனை நாடெங்கும் ஒலிக்கச் செய்தன. 1983இல் வந்த 'மர்மர்' என்னும் நெடுந்தட்டை, 'ரோலிங் ஸ்டோன்' இதழின் விமர்சகர்கள் அவ்வாண்டின் சிறந்த தட்டாகத் தேர்ந்தனர்.

பொருள் சேர்ந்தபின் பிளவுபடும் குழுக்கள் பல. இவர்களோ, பாடலை யார் தொடங்கினும் நால்வர் பெயரையும் இட்டு, ஊதியத்தைச் சமமாகப் பகிர்ந்தனர். 1997இல் பெர்ரி விலகினார். ஏனையோர் 2011இல் கசப்பின்றிப் பிரிந்தனர். வறுமையைப் பகிர்ந்தவர்கள் வளத்தையும் பகிர்ந்துகொண்டதே அவர்களை முப்பதாண்டுகள் பிணைத்து வைத்தது எனலாம்.